அம்மாவின் சர்க்கரைக் கணக்கு: கைபேசிச் செயலியால் பயன் உண்டா?

பெரம்பூர் மகன்:

அன்பர்களுக்கு வணக்கம். நாள்பட்ட நோய்களைக் கவனித்துக்கொள்ளக் கைபேசிச் செயலியைப் பயன்படுத்துவோர் இங்கே பலர் இருப்பீர்கள் என்பதால், என் வீட்டில் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

என் தாயாருக்கு வயது 68. பதினாறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இடையில் இரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொண்டது. அப்பா காலமான பிறகு பெரம்பூர் வீட்டில் தனியாக இருக்கிறார். எனக்குச் சிறுசேரியில் வேலை; வாரநாட்களில் அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வெள்ளி இரவுதான் வீடு வந்து சேர்வேன். எட்டு மாதங்களுக்கு முன் அவருடைய கைபேசியில் ஒரு செயலியை நிறுவி, காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் அளவை அவர் பதிந்ததும் என் கைபேசிக்கும் வந்துவிடும்படி அமைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து 112, 118, 109, 121 என்று நிம்மதி தரும் எண்களாகவே வந்தன.

சென்ற மாதம் எடுத்த எச்பிஏ1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 9.1 என்று மிக உயர்வாக வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஏறுகிறது போலும் என்று முதலில் எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை குளுக்கோமீட்டரின் நினைவகத்தைப் பின்னோக்கித் தட்டிப் பார்த்தபோதுதான் 214, 187, 236 என்று வரிசையாகக் கண்ணில் பட்டது. ஒன்றுகூடச் செயலியில் இருந்த எண்ணோடு பொருந்தவில்லை. வாரத்தில் மூன்று நாள் பரிசோதனையே நடக்கவில்லை.

ஏன் என்று கேட்டேன். "சிவப்பாக வந்தால் நீ ஆபீசிலிருந்து உடனே போன் போட்டுச் சத்தம் போடுகிறாய். வேலை நேரத்தில் உனக்கு எதற்கு இந்தக் கவலை என்றுதான் நல்ல எண்ணாகப் போட்டேன்" என்றார். அந்தச் செயலி 150ஐத் தாண்டிய எண்ணைச் சிவப்பில் காட்டும்; அதற்குள் இருந்தால் பூங்கொத்துப் படம் வரும். எட்டு மாதமாக நான் அந்தப் பூங்கொத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செயலியை நீக்கிவிட்டுப் பழையபடி நோட்டுப் புத்தகத்துக்கே திரும்புவதா, அல்லது அளவைத் தானாகவே அனுப்பிவிடும் புளூடூத் மீட்டர் வாங்குவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ராயபுரம் செவிலியர் (பணி ஓய்வு):

தம்பி, நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அரசு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். புறநோயாளிகள் கொண்டுவரும் நோட்டைத் திறந்த உடனேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். முப்பது நாள் எண்களும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வில் இருக்கும். தாளில் ஒரு மடிப்போ எண்ணெய்க் கறையோ இருக்காது. மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டுமே என்று முந்தின இரவு உட்கார்ந்து எழுதியது அது. உண்மையான நோட்டு அழுக்காக இருக்கும். நடுவில் இரண்டு நாள் விட்டுப்போயிருக்கும். ஓர் இடத்தில் பேரனின் கையெழுத்து இருக்கும்.

திட்டு வாங்கியவர்கள்தான் அப்படி எழுதினார்கள். திட்டியவர்களில் நாங்களும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்கிறேன். 230 என்று கொண்டுவந்த பெண்மணியிடம் "என்னம்மா சாப்பிட்டீர்கள்?" என்று குற்றவாளியை விசாரிப்பதுபோலக் கேட்டால், அடுத்த மாதம் அவர் 130 என்று எழுதி வருவார். அந்தப் பொய்யை எச்பிஏ1சி காட்டிக்கொடுத்துவிடும். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்பவை. அந்தக் காலம் முழுவதும் அவற்றில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. 9.1 என்றால் சராசரியாக 214 மில்லிகிராம் அளவில் இருந்திருக்கிறது என்று பொருள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இரத்தசோகை இருந்தால் அந்த எண்ணும் தடம் மாறும். அம்மாவுக்கு ஹீமோகுளோபின் அளவு பார்த்தீர்களா?

செயலி இருக்கட்டும். முதலில் அந்தச் சிவப்பு நிறம் உங்கள் கைபேசிக்கு வருவதை நிறுத்துங்கள். எண் வந்தவுடன் தொலைபேசியில் அழைப்பதை நிறுத்துங்கள். இரவு வழக்கமாகப் பேசும்போது சர்க்கரையைப் பற்றிக் கேட்காமல் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். காரணம் தானாக வெளியே வரும்.

தரமணி நிரலாளர்:

நான் இரண்டு ஆண்டுகள் இதைப் போன்ற ஒரு செயலியை உருவாக்கிய குழுவில் இருந்தவன். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது பெரம்பூர் நண்பருக்குப் பயன்படும்.

சிவப்பு, பச்சை எல்லையைப் பெரும்பாலும் எல்லா வயதினருக்கும் ஒன்றாகவே வைத்துவிடுவார்கள். முப்பது வயதுக்காரருக்கும், தனியாக வாழும் எழுபது வயது மூதாட்டிக்கும் மருத்துவர் ஒரே இலக்கு வைப்பதில்லை. முதியவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவதே பெரிய ஆபத்து என்பதால் அவர்களின் இலக்கைச் சற்றுத் தளர்த்தியே வைப்பார்கள். அமைப்புகளுக்குள் சென்று மருத்துவர் சொன்ன எல்லையை நீங்களே பதிய முடிகிறதா என்று பாருங்கள். முடியாத செயலி எனில் அதை விட்டுவிடலாம்.

அடுத்தது அலகு. சில செயலிகள் வெளிநாட்டுக் கணக்கான மில்லிமோலில் தொடங்கும். நம் மீட்டர்கள் மில்லிகிராமில் காட்டும். மில்லிமோல் எண்ணை 18ஆல் பெருக்கினால்தான் இரண்டும் ஒத்துப்போகும். ஒரு பயனர் 7.2 என்று வந்ததைத் தன் எச்பிஏ1சி என்று எண்ணிப் பல வாரம் மகிழ்ந்திருந்ததை நான் நேரில் பார்த்தேன்.

மாத்திரை நினைவூட்டலும் எல்லாக் கைபேசியிலும் அடிப்பதில்லை. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று கைபேசியே செயலியைத் தூங்க வைத்துவிடும். விலை குறைந்த கைபேசிகளில் இது மிகுதி. அமைப்புகளில் அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, இரண்டு நாள் பக்கத்தில் இருந்து சோதித்த பிறகே பெரியவர்களிடம் கொடுக்க வேண்டும்.

இன்சுலின் எத்தனை யூனிட் போட வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் செயலிகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில் அப்படிப்பட்ட 46 செயலிகளைச் சோதித்தார்கள். 31 செயலிகளில் தவறான அளவைச் சொல்லும் ஆபத்து இருந்தது. எண்ணுக்குப் பதில் வேறு எழுத்தை அடித்தாலும் ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டவையும் அவற்றில் இருந்தன.

புளூடூத் மீட்டர் வாங்கினால் எண்ணை மாற்றி எழுத முடியாது என்பது உண்மைதான்.

திருவல்லிக்கேணி ஆசிரியை:

எழுத முடியாமல் போனால் பரிசோதனை செய்வதையே நிறுத்திவிடுவார், ஐயா. நோயாளியாகவே சொல்கிறேன். எனக்கு 54 வயது. எட்டாவது ஆண்டாகச் சர்க்கரையோடு இருக்கிறேன். செயலி எனக்குப் பெரிதும் உதவியது. ஆனால் அதை யாரோடும் பகிரவில்லை, என் கணவரோடும்கூட.

உதவிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு வாரம் இரவு உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்துப் பதிந்தேன். மூன்று இட்லி, சாம்பார் சாப்பிட்ட இரவைவிட, "லேசாக இருக்கட்டும்" என்று வெண்பொங்கல் சாப்பிட்ட இரவில் நாற்பது, ஐம்பது கூடுதலாக ஏறியது. அதே பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் கால்மணி நேரம் நடந்த இரவில் அந்த ஏற்றம் பாதியாகக் குறைந்தது. மருத்துவர் "சாப்பிட்டபின் நடங்கள்" என்று எட்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை, அந்த இரண்டு கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகுதான் நான் கேட்டேன். இது எனக்குப் பொருந்திய கணக்கு. உங்கள் உடம்புக்கு வேறாக இருக்கலாம்.

உணவுப் பட்டியல்தான் பெருந்தொல்லை. சோறு ஒரு கப் என்கிறது. எந்தக் கப்? எங்கள் வீட்டில் குழிக்கரண்டிக் கணக்குதான். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்து, எங்கள் குழிக்கரண்டியில் இத்தனை கிராம் சோறு என்று ஒருமுறை குறித்துக்கொண்டேன். வத்தக்குழம்பு, கீரை மசியல், கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றைத் தேடினால் சம்பந்தமில்லாத எதையோ காட்டியது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டிருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து நம் வீட்டுச் சமையலைச் சேர்ப்பது செயலி செய்பவர்களுக்கு அவ்வளவு கடினமா என்று தரமணி நண்பரைக் கேட்கத் தோன்றுகிறது.

மருத்துவர் எனக்குத் தரும் நேரம் ஐந்து நிமிடம். கைபேசியை நீட்டினால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதிலேயே அந்த நேரம் போய்விடும். எனவே முந்தைய இரண்டு வாரத்தை ஒரே பக்கமாக அச்செடுத்து, என் சந்தேகத்தை மேலே ஒரே வரியில் எழுதிக் கொண்டுபோகிறேன். சென்ற ஆண்டு அந்தப் பக்கத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு 58, 61 என்று இரண்டு எண்கள் இருந்தன. வியர்த்து விழித்துக்கொண்டபோது பார்த்தவை. அவற்றைப் பார்த்தவுடன் மருத்துவர் இரவு மாத்திரையின் அளவைக் குறைத்தார். வெறும் சராசரியைக் காட்டியிருந்தால் அந்த இரண்டும் அதற்குள் மறைந்தே போயிருக்கும்.

வேளச்சேரி:

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரமும் இல்லை. என் தந்தையார் இன்சுலின் போடுபவர். எந்த இன்சுலின், காலை எத்தனை யூனிட், இரவு எத்தனை யூனிட், வேறு என்னென்ன மாத்திரை என்ற எல்லாமே செயலியில் இருந்தன. இணையம் இல்லாமல் அந்தச் செயலி திறக்கவே இல்லை. படகில் வந்து எங்களை அழைத்துப்போன இடத்தில் இருந்த மருத்துவர் கேட்டபோது, அப்பாவுக்குச் சீசாவின் மூடி நிறம் மட்டுமே நினைவிருந்தது.

இப்போது ஒரு தாளில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம்; அதன் நகலை நெகிழி உறையில் போட்டு இன்சுலின் பையிலும் வைத்திருக்கிறோம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம்வரை கெடாது என்பதும், ஈரமண் நிரப்பிய பானைக்குள் இன்னொரு பானையை வைத்து அதனுள் குளிர்ச்சியாகப் பாதுகாக்கலாம் என்பதும் அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. இணையம் இல்லாமலும் திறக்கிறதா என்று பார்க்க, கைபேசியை விமானப் பயண நிலையில் வைத்து இன்றே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பொதுச் சுகாதார மாணவர்:

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

நம் ஊரிலேயே நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த, வேலைக்குச் செல்லும் 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாதியினருக்கு உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து அனுப்பினார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான சென்னைக் குழு இதை நடத்தி 2013இல் முடிவை வெளியிட்டது. இரண்டு ஆண்டு முடிவில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நோய் வந்திருந்தது. வண்ணக்கோடுகளோ பூங்கொத்தோ இல்லாத வெறும் எழுத்துச் செய்தி அது.

இன்னொரு பக்கம், ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய நல மையங்களில் எம்வெல்கேர் என்ற முடிவெடுக்க உதவும் மென்பொருளைச் செவிலியர் கையில் கொடுத்துச் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவின்படி, இரத்த அழுத்தத்திலோ எச்பிஏ1சியிலோ அது கொடுக்கப்பட்ட மையங்களுக்கும் கொடுக்கப்படாத மையங்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. அதே நேரம், 2017இல் தொடங்கிய இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியில் சிம்பிள் என்ற எளிய செயலியைச் செவிலியர்கள் பயன்படுத்தினார்கள். குறித்த நாளில் வராத நோயாளிகளின் பட்டியலை அது கொடுக்க, செவிலியர்கள் அழைத்துப் பேசினார்கள். அங்கே மாத்திரை தீராமல் கிடைக்கவும் ஏற்பாடு இருந்தது. செயலியைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை வைத்தே அதன் பயனை எடைபோட வேண்டும் என்று நான் கருதுகிறேன். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியபோது வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒரு பெண் தன்னார்வலரும் அவர் கையிலிருந்த கருவியும் மாத்திரையும்தான்.

ஓர் எச்சரிக்கை. கைபேசிக் கேமராவில் விரலை வைத்தால் இரத்த அழுத்தம் சொல்லும் என்ற வகைச் செயலிகளை நம்பிவிடாதீர்கள். அப்படிப் பெரிதும் விற்ற ஒன்றை 2016இல் சோதித்தபோது, உண்மையில் உயர் அழுத்தம் உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோரை அது இயல்பு என்று சொல்லிவிட்டது. தோலைக் குத்தாமல் தாமாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் எதையும் தாங்கள் அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இங்கே இணையக் கடைகளில் அவை இன்னும் விற்பனைக்கு இருக்கின்றன.

அண்ணாநகர் மருமகள்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மாமியாரின் மாத்திரைப் பட்டியலை ஒரு செயலியில் ஏற்றிய மூன்றாம் நாளிலிருந்து, கால் எரிச்சலுக்கு எண்ணெய், சர்க்கரைக்குப் பொடி என்று அவருடைய எண்ணுக்கே விற்பனை அழைப்புகள் வரத் தொடங்கின. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. நம் ஒப்புதலைத் திரும்பப் பெறவும் பதிவை அழிக்கச் சொல்லவும் அதில் உரிமை உண்டு என்று தெரிந்து மின்னஞ்சல் அனுப்பினேன். இன்றுவரை மறுமொழி இல்லை. தொடர்பு எண்கள், இருப்பிடம், ஒலிவாங்கி ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும் சர்க்கரைச் செயலிக்கு அனுமதி தராதீர்கள். எண்களைக் குறித்து வைக்க அவற்றில் எதுவுமே தேவையில்லை.

பெரம்பூர் மகன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

ராயபுரம் அம்மா சொன்னபடி பகிர்வதை நிறுத்திவிட்டேன். அம்மாவின் எதிரிலேயே நிறுத்திக் காட்டினேன். புளூடூத் மீட்டர் வாங்கவில்லை. சனிக்கிழமை காலை காபிக்குப் பிறகு இருவரும் சமையலறைத் திண்ணையில் உட்கார்ந்து மீட்டரின் நினைவகத்தைச் சேர்ந்து பார்ப்பது என்று மட்டும் முடிவு செய்தோம். முதல் சனிக்கிழமை 221 வந்தபோது எதுவும் சொல்லாமல் இருக்க நான் மிகவும் பாடுபட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை, எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தாமாகவே சொன்னார்: "ராத்திரி மாத்திரையை நான் போடுவதே இல்லை." மெட்ஃபார்மின் என்ற அந்தச் சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டியதிலிருந்து வயிறு கலக்கி, விடியற்காலையில் மூன்று நான்கு முறை போக வேண்டியிருந்திருக்கிறது. கோயிலுக்குப் போக முடியவில்லை, பேருந்தில் ஏறப் பயம். இதை ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சம். என்னிடம் சொன்னால் நான் மருத்துவரிடம் சொல்லிவிடுவேன் என்ற கூச்சம். ஐந்து மாதமாக இரவு மாத்திரைகள் மாவு டப்பாவின் பின்னால் ஓர் எவர்சில்வர் சம்புடத்தில் சேர்ந்து கிடந்தன. செயலியில் "மாத்திரை போட்டாயிற்று" என்ற கட்டத்தில் மட்டும் ஒவ்வோர் இரவும் தவறாமல் குறியிட்டிருக்கிறார்.

திருவல்லிக்கேணி அம்மா சொன்னதுபோல, மீட்டரின் எண்களை ஒரே பக்கமாக எழுதி, மேலே "இரவு மாத்திரையால் வயிற்றுப்போக்கு, ஐந்து மாதமாகப் போடவில்லை" என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியை என் கையெழுத்தில் பார்த்துவிட்டு, "போடவில்லை" என்பதை அடித்துவிட்டுப் "போட முடியவில்லை" என்று அம்மா தம் கையால் திருத்தினார். மருத்துவர் படித்தார், திட்டவில்லை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக மாற்றி, குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறார். ஹீமோகுளோபின் 11.8, சற்றுக் குறைவுதான், இந்த 9.1ஐ அதனால் சந்தேகிக்க வேண்டியதில்லை என்றார். ஒன்பது நாளாக வயிற்றில் தொல்லை இல்லை. இன்று காலை 168.

செயலியை நீக்கவில்லை. எல்லையை மருத்துவர் சொன்னபடி மாற்றி, பூங்கொத்தை அணைத்துவிட்டேன். நினைவூட்டல் மட்டும் அடிக்கிறது. மாத்திரைப் பட்டியலை எழுதி பீரோக் கதவின் உள்பக்கமும் ஒட்டியாயிற்று.

ராயபுரம் செவிலியர் (பணி ஓய்வு):

மிகவும் மகிழ்ச்சி, தம்பி. அந்த மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைத்தோ பொடித்தோ சாப்பிடக் கூடாது. முழுதாக, இரவு உணவோடு விழுங்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுகிறார் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள். சம்புடத்தில் சேர்ந்த பழைய மாத்திரைகளை எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். புதியதும் பழையதும் கலந்துவிட்டால் ஆபத்து. அடுத்த எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், அதற்கு முன் எடுத்துப் பயனில்லை. குளுக்கோமீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை இறுக்கமாக மூடி வைக்கச் சொல்லுங்கள். திறந்து கிடந்தால் ஈரம் புகுந்து எண் தவறாக வரும்.